கொல்லாமரத்தில் இரண்டு ரிப்பன்

நடை முடிகிற நாளில் உங்கள் மூன்று பேரில் ஒருத்தியை மட்டும் என்னோடு மலைக்குக் கூட்டிப் போவேன் என்று ஈவாஞ்சலின் அக்கா சொன்னபோது நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வலட்சுமியின் முகத்தைத்தான் பார்த்தேன். அவளும் அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

செல்வலட்சுமி என் பெரியப்பா மகள். ஒரே மாசி மாதத்தில் பிறந்தோம். அவள் சில நாட்கள் மூத்தவள், அந்தச் சில நாட்களை இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. ஆற்றங்கரை ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் சிரித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். அவள் இப்போது சாயர்புரத்துக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள்.

என்னை யாரும் நிறுத்தவில்லை. ஒருநாள் வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டார்கள். பதில் தெரியும், சத்தம்தான் வரவில்லை. உதடு அசைவதைப் பக்கத்திலிருந்து பார்த்த செல்வலட்சுமி எழுந்து என் பதிலைச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கைதட்டினார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தேன். ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு போக வெட்கமாக இருந்தது. போகாமலே இருந்துவிட்டேன். உதவி செய்ததாகத்தான் அவள் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஈவாஞ்சலின் அக்கா பட்டணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போய், நாட்கணக்கில் நடக்கவைத்து, கூடாரம் போட்டுத் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவிடுகிறவர். நன்றாக நடக்கிறவர்கள், சுமாராக நடக்கிறவர்கள், நடந்தே பழகாதவர்கள் என்று மூன்று அணியாகப் பிரிப்பார். மூன்று அணிக்கும் வழி ஒன்றுதான், சுமையும் வேகமும்தான் வேறு. இந்தத் தை மாதம் முதல்முறையாக எங்கள் பக்கத்துத் தேரிக்கு வந்தார். செம்மணல் மேடுகளில் தொடங்கி, பனங்காட்டைத் தாண்டி, ஆலந்தலைக் கடற்கரையில் முடிகிற வழி. அணிக்கு ஒருத்தியாகக் கூட நடக்க உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார். செல்வலட்சுமி நன்றாகப் பேசுவாள் என்று அவளைக் கேட்டு வந்தார்கள். துணைக்கு என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் துணை.

மூன்றாவது ஆள் ஆலந்தலை பிளாரன்ஸ். எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பாள். அவளைப் பற்றி அப்போது எனக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

மலைக்குப் போகிறவளுக்கு அங்கே பயிற்சி கொடுத்து, பிறகு நிரந்தரமாகத் தன் கூட்டத்தில் வைத்துக்கொள்வாராம். ஊர் ஊராகப் போகலாம். பிள்ளைகளோடு நடக்கலாம். நடக்கும்போது யாரும் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த வேலை எனக்காகவே யாரோ யோசித்து வைத்தது மாதிரி இருந்தது. செல்வலட்சுமிக்கு எதற்கு அது? அவளுக்குத்தான் கல்லூரி இருக்கிறதே. ஆனால் ஒரு பொருளை நான் பார்த்துவிட்டால் அது அவள் கைக்குப் போய்விடும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள், பேச்சிராஜா அண்ணன் எங்கள் மூன்று பேரையும் வழியில் ரிப்பன் கட்டக் கூட்டிப்போனார். சாமான் வண்டி ஓட்டுவதும் அவர்தான், வழி பார்ப்பதும் அவர்தான். தேரியில் பாதை என்று ஒன்று கிடையாது. நேற்றைய தடம் இன்றைக்கு இருக்காது. அதனால் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு ஒரு மரத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்ட வேண்டும். ஒரு ரிப்பன் என்றால் நேராகப் போ. இரண்டு ரிப்பன் சேர்த்துக் கட்டியிருந்தால் இங்கே திரும்பு. அடுத்த ரிப்பன் தெரியவில்லை என்றால் ஒரு எட்டுக்கூட வைக்காமல் நின்று விசிலை நீளமாக ஊது. இதைத்தான் அண்ணன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் தேவையே இல்லாமல் அதை ஊதிக்கொண்டே வந்தாள்.

"ஏளா, மயிலு எல்லாம் ஓடிரும் போலருக்கு, நிப்பாட்டு" என்றார் அண்ணன்.

"ஊதுறதுக்குத்தான குடுத்திய?" என்று அவள் இன்னொரு முறை ஊதினாள்.

உச்சி வெயிலில் எங்கள் சாஸ்தா கோயில் பக்கம் வந்தோம். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் குலசாமி. பங்குனி உத்திரத்துக்கு ஊரிலிருந்து வேன் பிடித்து வருவோம். கோயில் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், வழியிலிருந்து தெரியாது. அதற்குப் பிரிகிற இடத்தில் ஒரு பழைய கொல்லாமரம் நிற்கும். முந்திரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கோயில்வரை போக முடியாதவர்கள் அந்த மரத்திலேயே நேர்ந்துகொண்டு துணி முடிந்துவிட்டுப் போவார்கள். பழைய துணிகளெல்லாம் வெளுத்துப் பட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தன. வழி அங்கே நேராகப் போகிறது, அடுத்த ரிப்பன் அங்கிருந்தே தெரிகிறது. அதனால் அண்ணன் அந்த மரத்தைத் தொடவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு பனை நிழலில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றோம். கொஞ்சம் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் எழுந்து மரத்தடிக்குப் போனேன். கையில் துணி எதுவும் இல்லை, ரிப்பன் சுருள்தான் இருந்தது. ஒரு துண்டு வெட்டினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் நேர்ந்து முடிகிறபோது ஒரு சிட்டிகை செம்மண்ணை உள்ளே வைத்து மடித்து முடிவார்கள். அப்படியே செய்தேன். என்னை எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். முடிச்சை இறுக்கும்போது மனசுக்குள் வந்தது வேறு. சாஸ்தாவே, அவளை எடுக்கக் கூடாது. பலித்தால் பங்குனிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன்.

நான் திரும்பி வந்ததும் செல்வலட்சுமி தானும் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அது எனக்கு அப்போது ஒன்றுமாகத் தோன்றவில்லை.

மறுநாள் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நான் பயந்தபடியே நன்றாக நடக்கிறவர்களை அக்கா செல்வலட்சுமியிடம் கொடுத்தார். நடு அணி பிளாரன்ஸுக்கு. எனக்குக் கடைசி அணி. முதல் அணிப் பிள்ளைகள் தாங்களே முறைவைத்து வழி நடத்தவேண்டும், கூடப் போகிறவள் பின்னால்தான் வரவேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. அதனால் செல்வலட்சுமி கையை வீசிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். அவள் அணி மேட்டில் ஏறி மறுபக்கம் மறையும்போது இங்கே என் அணியில் பாதிப்பேர் செருப்பிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தேசிக் என்று ஒரு சென்னைப் பையன். அவனுக்கு ஷூவைக் கழற்றி மண்ணைக் கொட்டி மாட்டுவதுதான் நடை. தங்களுக்கு ஆமை அணி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். நான் பேசாமல் நிற்பேன். அவர்கள் எழுந்தால் நடப்பேன். உட்கார்ந்தால் உட்காருவேன். சாயங்காலம் கூடாரத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது செல்வலட்சுமி குளித்துத் தலைபின்னி, பத்மஸ்ரீ என்ற மாணவியோடு உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வருகிற அதே சிரிப்பு.

அக்கா என் அருகில் வந்து உட்கார்ந்து ஆமைகள் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்காவ என்றேன். அவ்வளவுதான் வந்தது. செல்வலட்சுமி பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக்கூட எனக்கு விடமாட்டாளா என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் ஆமைகளோடு கொல்லாமரத்தடிக்கு வந்தபோது, மரத்தில் இரண்டு ஆரஞ்சு ரிப்பன்கள் பக்கத்துப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்று நான் இலைக்குள் மறைவாகக் கட்டியது, காற்றில் வெளியே வந்திருந்தது. இன்னொன்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே மண் நெரிந்தது. எங்கள் வீட்டு முடிச்சு. அந்தத் தேரியில் அன்றைக்கு அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவள் இன்னும் ஒருத்திதான்.

கீழே பார்த்தேன். முதல் அணியின் ஷூ தடங்கள் இடதுபக்கம் திரும்பி மேட்டுக்குள் போயிருந்தன. அவற்றின் மேல் கடைசியாகச் செல்வலட்சுமியின் செருப்புத் தடம் ஓடியிருந்தது. நடந்த தடம் இல்லை, எட்டு அகலமாக இருந்தது. அவள் தன் ரிப்பனைப் பார்த்திருக்கிறாள், மற்றது அண்ணன் பிறகு வந்து கட்டிய வழி ரிப்பன் என்று எண்ணியிருக்கிறாள். தன்னால்தான் இரண்டாகிவிட்டது என்று புரிந்து, விசில் ஊதாமல் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறாள். ஊதினால் யார் கட்டியது என்று கேட்பார்கள் அல்லவா. நடு அணியின் தடங்கள் எதையும் கவனிக்காமல் நேராகப் போயிருந்தன.

இப்போது நான் விசில் ஊத வேண்டும். கை விசில்வரை போனது. அக்கா செல்வலட்சுமியைப் பார்த்து முகம் சுருக்கப்போவது எனக்குக் கண்முன் தெரிந்தது. அது இனிப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பசியோடு இருக்கும்போது சோறு வாசனை வருகிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் பெரிய பிள்ளைகள், நன்றாக நடக்கிறவர்கள், எப்படியும் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். என் ரிப்பனை மட்டும் அவிழ்த்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுடையதை விட்டுவிட்டேன்.

"என்னக்கா பண்றீங்க?" என்றான் தேசிக்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு நேராக நடந்தேன்.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். பிளாரன்ஸின் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் அணி வரவில்லை. எப்போதும் முதலில் வருகிறவர்கள் வரவில்லை என்றதும் ஈவாஞ்சலின் அக்கா எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. வெயில் சாயத் தொடங்கியது. அந்த அணி காலையில் எடுத்த தண்ணீர் இந்நேரம் தீர்ந்திருக்கும் என்று பேச்சிராஜா அண்ணனிடம் தணிந்த குரலில் சொன்னார். அண்ணன் சாமான் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தார். தேரியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

இனிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாயெல்லாம் மண் மாதிரி இருந்தது. தாகத்தில் சுருண்டு கிடக்கிற பிள்ளைகளை நினைத்தேன். அதற்குப் பிறகு, ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அவளை நினைத்தேன். அவளுக்கு இருட்டுக்கு முந்தின இந்த நேரம் என்றாலே பயம். சின்ன வயதில் இந்த நேரத்தில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்கே வருவாள்.

அக்காவிடம் போய் நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் எனக்காகப் பதில் சொல்ல இப்போது செல்வலட்சுமி இல்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சாஸ்தா கோயில் பக்கம்" என்றேன். "அங்கனதான் திரும்பியிருக்காவ."

எப்படித் தெரியும் என்று அக்கா அப்போது கேட்கவில்லை. ஓடினோம்.

கோயிலுக்கும் அந்தப் பக்கம், பனங்காட்டு வேலி ஓரமாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வலட்சுமி எட்டிப் பிடிப்பதற்குள் வழி தவறி, மேட்டுக்கு மேடு அடுத்த ரிப்பனைத் தேடிச் சுற்றி, கடைசியில் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. பத்மஸ்ரீ கணுக்கால் வீங்கி, செல்வலட்சுமியின் மடியில் காலை வைத்திருந்தாள். செல்வலட்சுமி தன் தாவணியைக் கிழித்து அதில் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு மூடிக்கொண்டது.

தண்ணீர் குடித்து, எல்லோரும் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபிறகு பேச்சிராஜா அண்ணனுக்குக் கோபம் வந்தது. திரும்பச் சொல்லி அங்கே யார் கட்டினது என்று கத்தினார். வரும்போது அந்த மரத்தை அவர் பார்த்திருந்தார். ஒரு ரிப்பன்தான் இருந்தது என்றார். பத்மஸ்ரீ இல்லை, இரண்டு இருந்தது, அதனால்தான் திரும்பினேன் என்றாள். ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு என்று சொல்லாதே என்று அவர் அவள்மேல் பாய்ந்தார். அவள் அழுதுவிட்டாள்.

"அவளத் திட்டாதீய அண்ணாச்சி" என்று செல்வலட்சுமி எழுந்தாள். "ஒண்ணு நான்தான் கட்டினேன். சாமிக்கு நேந்து கட்டினது. இன்னொண்ணு நீங்க கட்டினதுன்னு நினைச்சேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. உண்மையைக்கூட அவள்தான் முதலில் எழுந்து சொல்கிறாள். அதற்கும் யாராவது கைதட்டிவிடுவார்கள் போல இருந்தது.

"நான் அங்க கட்டவே இல்லையே" என்றார் அண்ணன்.

செல்வலட்சுமி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். நான் பாவாடைப் பைக்குள் கையை விட்டு ரிப்பனை எடுத்து எல்லோருக்கும் நடுவில் மண்ணில் வைத்தேன். முடிச்சு அவிழ்ந்து உள்ளேயிருந்த செம்மண் கொட்டியது.

தேசிக் அதை உற்றுப் பார்த்தான். "மத்தியானம் பையில போட்டீங்களே, அதுதானாக்கா?" என்றான்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் சாப்பிடுங்கள் என்றார்.

மறுநாள் நடை நடந்தது. பத்மஸ்ரீ சாமான் வண்டியில் போனாள். செல்வலட்சுமியும் நானும் எங்கள் அணிகளோடு நடந்தோம், ஆனால் இரண்டு பேரும் ரிப்பன் கட்டிய மரங்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கடைசி நாள் பனங்காடு முடிந்து ஆலந்தலைக் கடல் தெரிந்ததும் பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆமைகள்கூட ஓடினார்கள். தேசிக் ஷூவோடு தண்ணீரில் நின்றான்.

அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒரு படகு ஓரமாகக் கூப்பிட்டார். நீங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் நடந்தீர்கள் என்று எங்களிடம் சொன்னார். ரிப்பன் கட்டியதைக்கூட விட்டுவிடலாம் என்றார்.

"ஆனா ஊத வேண்டிய நேரத்துல ரெண்டு பேருமே ஊதல. மலையில அதுக்கு மன்னிப்பு கிடையாது."

பிறகு பிளாரன்ஸின் பெயரைச் சொன்னார்.

பிளாரன்ஸ் வாயில் வைத்திருந்த கடலைமிட்டாயை அப்படியே விட்டாள். நானா, நானா என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கொல்லாமரத்தில் நீ மட்டும் எப்படித் திரும்பாமல் போனாய் என்று செல்வலட்சுமி கேட்டாள்.

"நான் எங்க மரத்தப் பாத்தேன்? அங்கன பாத்தா நாம பனங்கிழங்கு தின்னு போட்ட தோலு கெடந்துச்சு. இந்த வழிதான்னு போயிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு ஊருக்குள் அம்மாவிடம் சொல்ல ஓடினாள். ஓடும்போதும் விசில் ஊதினாள்.

நடுவில் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

செல்வலட்சுமியும் நானும் மணலில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று நகராமல் நிற்பதுபோல் நின்றது. அவள் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன்.

"ஏளா கிளி, நீ என்ன நேந்த?" என்றாள்.

நான் மணலைக் கிளறினேன். அவள் விடமாட்டாள் என்று தெரியும். காத்திருந்தாள். இந்த முறை என் பதிலை அவள் சொல்லவில்லை.

"ஒன்னய எடுக்கக் கூடாதுன்னு" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை.

"நானும் ஒன்னயத்தான்" என்றாள். "ஒன்னய எடுக்கக் கூடாதுன்னு."

"என்னயவா? எதுக்கு?"

"எதுக்கா? அந்த அக்கா எங்கிட்ட வேலைய மட்டும் சொல்லுதாவ. ஓங்கிட்ட வந்து உக்காந்து பேசுதாவ. ஒம் அணிப் பிள்ளைக எல்லாம் ஒன்னய விட்டுப் போகாம ஒட்டிக்கிட்டே திரியுதுவ. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். நான் தொண்டை கிழியப் பேசணும். நீ சும்மா நின்னாலே பாவம், கிளி எங்கேன்னு தேடுவாவ. வயிறு எரியாதா?"

நான் அவளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். செல்வலட்சுமிக்கு என்மேல் பொறாமை. அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போல இருந்தது. மலைக்குப் போகாதது அந்த நேரத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தபோதுதான் தெரிந்தது.

"நீ என்ன போடுறதாச் சொன்ன?" என்று கேட்டேன்.

"சர்க்கரப் பொங்கல்."

"நானும்."

இருவருக்கும் பலித்துவிட்டது. பலித்த பிறகு செலுத்தாமல் இருக்க முடியாது, எங்கள் சாஸ்தா அதில் கண்டிப்பானவர்.

பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துப் போனோம். திடீரென்று இரண்டு பேரும் எதற்குப் பொங்கல் என்று பெரியம்மா கேட்டார். படிப்புக்கு என்று செல்வலட்சுமி சொன்னாள். எனக்கும் சேர்த்து அவளே சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. வழியில் கொல்லாமரத்தில் அவளுடைய ரிப்பன் கொஞ்சம் வெளுத்து ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதை அவிழ்த்து, பாதியாகக் கிழித்து, ஒரு துண்டை என்னிடம் கொடுத்தாள். என் ரிப்பனுக்குப் பதிலாகத்தான் போலும் என்று வாங்கிக்கொண்டேன்.

கோயில் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் அடுப்புக் கூட்டினோம். பிளாரன்ஸ் மலையிலிருந்து அனுப்பிய போட்டோவைச் செல்வலட்சுமி தன் போனில் காட்டினாள். பெரிய பாறை ஒன்றின்மேல் கழுத்தில் விசிலோடு பிளாரன்ஸ் நின்று எதையோ தின்றுகொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து பெருமூச்சுவிட்டோம், சேர்ந்தே சிரித்தோம். அதில் எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை.

பிறகு செல்வலட்சுமியின் பானை பொங்கியது. குலவையிட்டார்கள். என் பானையில் இன்னும் நுரைகூட எழவில்லை. நான் என் அடுப்பில் இன்னொரு பனையோலையைத் திணித்தேன்.